ஒரே ஷீட்டில் ஐந்து ‘இன்டென்சிட்டி’: இவற்றைச் சேர்த்து ஒரே எண்ணாக்கலாமா?

இரவுச்சந்தை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கோயம்பேடு சந்தையில் இரவு பத்து மணியிலிருந்து விடியும்வரை லாரியிலிருந்து மூட்டை இறக்கும் லோடுமேன்களின் வேலைச்சூழலும் உடல் வலியும் ஆய்வுப்பொருள். டேட்டா ஷீட்டில் ஐந்து நெடுவரிசைகள் இருக்கின்றன, ஐந்துக்கும் தலைப்பு ‘இன்டென்சிட்டி’ (தீவிரம்) என்றே முடிகிறது:

சத்தம்: சவுண்ட் லெவல் மீட்டரில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறித்த டெசிபல்.
வெளிச்சம்: கைபேசி செயலியில் வந்த லக்ஸ்.
மழை: சந்தைக் கட்டட மொட்டைமாடியில் வைத்த டிப்பிங் பக்கெட் மழைமானி (சிறு வாளி நிறைந்து கவிழும் ஒவ்வொரு முறையையும் எண்ணுவது), நிமிடக் கணக்கு, மி.மீ./மணி.
வேலைப்பளு: இதயத்துடிப்பு, நிமிடத்துக்கு எத்தனை என்று.
வலி: 0 முதல் 10 வரை தொழிலாளி சொல்லும் எண்.

ஒவ்வொன்றையும் மிகக் குறைந்த மதிப்பு 0, மிக உயர்ந்த மதிப்பு 1 என்று மாற்றி, ஐந்தின் சராசரியை ‘ஒட்டுமொத்தத் தீவிரக் குறியீடு’ என்று வைத்திருந்தேன். ஆய்வுக்குழு இதை ஏற்கவில்லை. “ஐந்தும் ஐந்து விதமான அளவு, கூட்டவே முடியாது” என்றார்கள். எல்லாவற்றையும் 0–1க்குக் கொண்டுவந்த பிறகும் ஏன் கூட்டக்கூடாது? அந்தந்தத் துறையில் இருப்பவர்கள் இந்த எண்களை எப்படி எடுக்கிறார்கள், எப்படிச் சராசரி போடுகிறார்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

ஒலிஒளி_கிண்டி

சத்தத்திலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் சராசரி முதலில் உடைகிறது. டெசிபல் ஒரு லாக் அளவு. 60 டெசிபல் தரும் இரண்டு ஜெனரேட்டர் சேர்ந்து ஓடினால் 63தான் வரும். ஒரு மணி நேரத்தில் பாதி நேரம் 55, பாதி நேரம் 85 என்றால் நேர் சராசரி 70. ஆனால் காதுக்கு வந்த ஆற்றலைக் கணக்கிட்டால் 82. 12 டெசிபல் வித்தியாசம் என்பது ஆற்றலில் கிட்டத்தட்ட 16 மடங்கு. எனவே ஒவ்வொரு அளவையும் 10ஆல் வகுத்து, 10இன் அடுக்காக ஏற்றி, அவற்றின் சராசரி எடுத்து, திரும்ப லாக் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். மீட்டரில் எல்-ஈக்யூ (ஆற்றல் கணக்கிலான சராசரி மட்டம்) என்ற வசதி இருந்தால் இதை அதுவே செய்துவிடும்.

10 நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக் குறிப்பது போதாது. லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது அடிக்கும் ஹாரன் சில நொடிகள்தான், ஆனால் அந்த நிமிடத்தின் ஆற்றலில் பெரும்பங்கு அதனுடையது. நீங்கள் பார்த்த நொடியில் ஹாரன் இருந்தால் அந்த வரிசை முழுக்க உயரும், இல்லாவிட்டால் அது இல்லவே இல்லை. தொடர்ந்து பதிவாகும் லாகரில் 15 நிமிட எல்-ஈக்யூவாக எடுங்கள். இரவு தொடங்கும்போதும் முடியும்போதும் 94 டெசிபல், 1000 ஹெர்ட்ஸ் காலிபரேட்டரை (தெரிந்த அளவு ஒலியைத் தரும் சோதனைக் கருவி) மைக்கில் மாட்டிப் பாருங்கள். இரண்டு வாசிப்புக்கும் 0.5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்த இரவின் சத்த டேட்டாவைத் தள்ளிவிடுவதே வேலையிடச் சத்தத்தை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 9612 தரம் சொல்லும் முறை. காற்றுத் தடுப்புப் பஞ்சு இல்லாமல் திறந்தவெளியில் வைத்தால் காற்று மைக்கில் மோதும் இரைச்சலும் பதிவாகும்.

இன்னொன்று, உங்கள் மீட்டர் அளப்பது ஒலி அழுத்தம். இயற்பியலில் ஒலியின் இன்டென்சிட்டி என்பது ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு திசையில் போகும் வாட். அதற்குத் திசை உண்டு, அதை அளக்க இரண்டு மைக் பொருத்திய தனிக் கருவி வேண்டும். திறந்தவெளியில் ஒரே பக்கத்திலிருந்து வரும் சத்தத்துக்கு இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் 20 மைக்ரோபாஸ்கல் என்ற அடிப்படையும் சதுர மீட்டருக்கு 10இன் அடுக்கு −12 வாட் என்ற அடிப்படையும் அப்படிப் பொருந்துமாறு அமைந்தவை. தகரக் கூரைக்கு அடியில் சத்தம் எல்லாத் திசையிலும் எதிரொலித்துத் திரும்பும். அங்கே அழுத்தம் உச்சத்தில் இருக்கும், ஒரு திசையில் நிகரமாகப் போகும் ஆற்றல் சொற்பமாக இருக்கும். உங்கள் ஆய்வுக்குக் காதுக்கு வரும் அழுத்தம்தான் முக்கியம், ஆகவே கருவியை மாற்ற வேண்டாம். நெடுவரிசையின் பெயரை மட்டும் ‘ஏ-எடையிட்ட ஒலி அழுத்த மட்டம், 15 நிமிட எல்-ஈக்யூ’ என்று மாற்றுங்கள் (ஏ-எடை என்பது காதின் உணர்திறனுக்கு ஏற்பச் செய்யும் திருத்தம்).

வெளிச்சத்திலும் இதே சிக்கல். விளக்கு ஒரு திசையில் எவ்வளவு வீசுகிறது என்பது கேண்டெலா, அது விளக்கின் பண்பு. தரையில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ், அது இடத்தின் பண்பு. 3 மீட்டர் உயரத்தில் தொங்கும், எந்தத் திசையிலும் 900 கேண்டெலா தரும் விளக்கு நேர் கீழே 100 லக்ஸ் தரும். அங்கிருந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் தூரமும் கூடுகிறது, ஒளியும் சாய்வாக விழுகிறது, கிடைப்பது 35 லக்ஸ்தான். தலையில் மூட்டையோடு நடப்பவர் ஒரே விளக்கின் கீழ் சில அடிகளில் இந்த இரண்டையும் கடக்கிறார். தூரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கும் விளக்கைப் புள்ளியாகப் பார்க்கும் தூரத்தில்தான் செல்லும். விளக்கின் நீளத்தைப்போல ஐந்து மடங்காவது தள்ளி நிற்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 1.2 மீட்டர் டியூப்லைட்டுக்கு அது 6 மீட்டர்.

கைபேசி செயலியை விட்டுவிடுங்கள். அதன் சென்சார் திரையின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்க வைத்தது. சாய்ந்து வரும் ஒளியைச் சரியான விகிதத்தில் எடுக்காது, ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் எண் மாறும், மஞ்சள் சோடியம் விளக்குக்கும் வெள்ளை எல்இடிக்கும் வேறு வேறு விதமாகப் பிழை செய்யும். மேலே வெள்ளைக் குமிழ் உள்ள லக்ஸ் மீட்டர் வாங்கி, நடக்கும் வழியில் தரைமட்டத்தில் கிடைமட்டமாக ஒன்று, கண் உயரத்தில் செங்குத்தாக ஒன்று எடுங்கள். 3 லக்ஸிலிருந்து 300 லக்ஸ் வரை பரவும் டேட்டா என்பதால் லாக் எடுத்து வேலை செய்யுங்கள். 3க்கும் 13க்கும் உள்ள வித்தியாசம் படி தெரிகிறதா இல்லையா என்பது. 290க்கும் 300க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் கண்டுகொள்ளாது.

மழைக்கணக்கு

மொட்டைமாடி மழைமானியில் நிமிடக் கணக்கை அப்படியே மி.மீ./மணி ஆக்கியிருந்தால் உங்கள் நெடுவரிசையில் 0, 12, 24, 36 என்ற எண்கள்தான் திரும்பத் திரும்ப வரும், பாருங்கள். பெரும்பாலான டிப்பிங் பக்கெட்டில் ஒரு கவிழ்ப்பு 0.2 மி.மீ. ஒரு நிமிடத்தில் ஒருமுறை கவிழ்ந்தால் மணிக்கு 12 மி.மீ., இருமுறை என்றால் 24. நடுவில் வேறு மதிப்பே வராது. மணிக்கு 4 மி.மீ. என்று சீராகத் தூறும்போது மூன்று நிமிடத்துக்கு ஒரு கவிழ்ப்பு விழும். உங்கள் ஷீட்டோ அதை 12, 0, 0, 12, 0, 0 என்று காட்டும். 10 அல்லது 15 நிமிடக் கூட்டலுக்கு மேல் போனால்தான் இந்தப் படிக்கட்டு மறையும்.

மழையில் இன்டென்சிட்டி என்பதற்குக் கால அளவைச் சொல்லாமல் பொருளே கிடையாது. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. அதை 24ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 20 மி.மீ. அந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அன்றைய இரவில் எந்த 15 நிமிடத்தில் எவ்வளவு கொட்டியது என்று ஒன்றும் தெரியாது. கால்வாய் கட்டுபவர்கள் பார்ப்பது அந்த 15 நிமிடத்தை. அவர்களுடைய வழக்கமான சூத்திரத்தில் வழிந்தோடும் பங்கு, மி.மீ./மணி, ஹெக்டேர் மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் நொடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 20 ஹெக்டேர், பங்கு 0.8 என்று வையுங்கள். மணிக்கு 20 மி.மீ. என்றால் 0.9 கன மீட்டருக்குள், மணிக்கு 60 என்றால் 2.7. எந்தக் கால அளவின் இன்டென்சிட்டியைப் போடுவது என்பதை, அந்தப் பரப்பின் கடைக்கோடியில் விழும் நீர் வாய்க்காலின் வாயை அடைய எடுக்கும் நேரம் முடிவுசெய்கிறது.

வானிலைத் துறையின் ‘கனமழை’ 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.யில் தொடங்குகிறது, ‘மிகக் கனமழை’ 115.6இல், ‘அதிகனமழை’ 204.5இல். இவை நாள் மொத்தத்துக்கான வகைகள். இரவு 2 மணிக்கு அரை மணி நேரம் அடித்துவிட்டு ஓய்ந்த மழையை இந்த வகைகளால் விவரிக்காதீர்கள். உங்கள் லோடுமேன் வழுக்கி விழுவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

உச்ச 15 நிமிடம் தேடும்போது 2.00–2.15, 2.15–2.30 என்று கடிகாரக் கட்டத்துக்குள் மட்டும் தேடினால் உச்சம் இரண்டாக வெட்டுப்படும். இதற்குச் சராசரியாக 13 சதவீதம் கூட்டிக்கொள்வது நாள்மழைக் கணக்கில் பழைய வழக்கம். உங்களிடம் நிமிட டேட்டாவே இருப்பதால் நகரும் சாளரமாக (ஒவ்வொரு நிமிடத்திலும் தொடங்கும் 15 நிமிடத்தையும் பார்த்து) தேடினால் திருத்தமே தேவையில்லை.

கருவியையும் சோதியுங்கள். வாய்ப்பரப்பு 200 சதுர செ.மீ. என்றால் ஒரு கவிழ்ப்புக்கு 4 மி.லி. 400 மி.லி. தண்ணீரை ஒரு மணி நேரம் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள் (மணிக்கு 20 மி.மீ. மழைக்குச் சமம்), 100 கவிழ்ப்பு வர வேண்டும். அடுத்து அதே 400 மி.லி.யை 12 நிமிடத்தில் விடுங்கள் (மணிக்கு 100 மி.மீ.). இரண்டாவது எண் 100க்குக் கீழே இறங்கியிருக்கும், ஏனென்றால் பக்கெட் கவிழும் அந்தச் சிறு நேரத்தில் விழும் நீர் கணக்கில் சேர்வதில்லை. பெருமழையில்தான் கருவி குறைத்துச் சொல்கிறது என்பது இதன் விளைவு. புனலில் இலையோ பறவை எச்சமோ அடைத்துக்கொண்டால் டேட்டாவிலேயே அது தெரியும்: ஊரெல்லாம் மழை பெய்யும்போது பூஜ்யம், மழை நின்றபிறகு மணிக்கணக்கில் ஒரே சீரான கவிழ்ப்பு.

உங்கள் 0–1 முறை மழையிடம்தான் மிக மோசமாக அடிவாங்கும். பெரும்பாலான நிமிடங்கள் பூஜ்யம். ஒரே ஒரு பெருமழை ‘1’ என்று ஆகிவிட்டால் மற்ற மழை எல்லாம் 0.1க்குக் கீழே நசுங்கிக் கிடக்கும். அந்த ஒரு இரவை நீக்கினால் எல்லா இரவின் குறியீடும் மாறும்.

அதிர்வலை

வலி நெடுவரிசையைப் பற்றி வலித் துறையினர் சொல்வார்கள். அதற்கு முன் நிலநடுக்கவியலில் இருந்து ஒன்று, ஏனென்றால் உங்கள் ஆய்வுக்குழு கேட்ட கேள்வியை எங்கள் துறை நூறு வருடத்துக்கும் மேலாகக் கையாண்டு வருகிறது.

ஒரு நிலநடுக்கத்துக்கு மேக்னிட்யூட் (நிலநடுக்கத்தின் மொத்த அளவு) ஒன்றுதான், இன்டென்சிட்டி ஊருக்கு ஊர் வேறு. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலுக்கு அப்பால் 5.5 அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் சென்னையிலும் உணரப்பட்டது. 5.5 என்ற எண் எங்கே நின்றாலும் 5.5. இன்டென்சிட்டி என்பது அந்தந்த இடத்தில் என்ன நடந்தது என்பதன் பதிவு: படுத்திருந்தவர் விழித்தாரா, தொங்கும் விளக்கு ஆடியதா, பூச்சு உதிர்ந்ததா, சுவர் பிளந்ததா. எம்எஸ்கே அளவையிலும் திருத்திய மெர்கல்லி அளவையிலும் 12 படிகள். அவற்றை ரோமன் எண்ணில் எழுதுவது மரபு. அதில் ஒரு வசதி இருக்கிறது: ஆறாம் படியையும் எட்டாம் படியையும் கூட்டி இரண்டால் வகுக்க யாருக்கும் கை போவதில்லை.

ஏன் வகுக்கக்கூடாது? ஆறிலிருந்து ஏழுக்குப் போகும் தூரமும் ஒன்பதிலிருந்து பத்துக்குப் போகும் தூரமும் சமம் என்று எந்த வரையறையும் சொல்லவில்லை. ஒரு படி ஏறினால் நில அதிர்வின் முடுக்கம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்று ஒரு தோராயம் உண்டு. அதுவும் இடத்துக்கு இடம் பெரிதாகச் சிதறும். நாங்கள் ஊர்வாரியாகப் படியைக் குறித்து, ஒரே படி உள்ள இடங்களைச் சூழும் சமப்படிக் கோடு வரைந்து, ‘இந்தப் பரப்பில் ஏழாம் படியோ அதற்கு மேலோ’ என்று எழுதுவோம். நடு மதிப்பு எடுப்போம், எத்தனை இடம் எந்தப் படியில் என்று எண்ணுவோம்.

அடுத்து, கவனிப்பவரும் கட்டடமும் எண்ணுக்குள் நுழைந்துவிடுவதைத் தடுக்க வேண்டும். மண்சுவர் வீடு இடிந்ததையும் கான்கிரீட் கட்டடம் இடிந்ததையும் ஒரே படியில் போட்டால் அளப்பது அதிர்வையா கட்டுமானத்தையா என்று தெரியாமல் போகும். ஐரோப்பிய இஎம்எஸ்-98 அளவை இதற்காகவே கட்டடங்களை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்து, சேதத்தை ஐந்து தரமாக்கி, ‘இந்த வகையில் சில, பல, பெரும்பாலானவை’ என்ற விகிதத்தை வைத்துப் படியை முடிவுசெய்கிறது. ஜப்பான் இன்னொரு வழியில் போனது. அங்கே 1996 முதல் படியைக் கருவியின் பதிவிலிருந்தே கணக்கிடுகிறார்கள். 5, 6 இரண்டையும் ‘கீழ்’, ‘மேல்’ என்று பிரித்திருப்பதால் 0 முதல் 7 வரை மொத்தம் பத்துப் படி. உங்கள் வலி அளவைக்கு இஎம்எஸ் வழியே பொருந்தும்: சொன்ன எண்ணோடு, சொன்னவர் யார், எத்தனை வருடம் மூட்டை தூக்கியவர், எந்த இடத்தில் வலி என்பதும் அதே வரிசையில் இருக்கட்டும்.

2002ஆம் ஆண்டின் நிலநடுக்க மண்டல வரைபடத்தில் சென்னை மூன்றாம் மண்டலத்தில் வருவதைப் பலர் மேக்னிட்யூட் என்று படிக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு வந்தது. அந்த மண்டலம் எம்எஸ்கே ஏழாம் படியோடு தொடர்புடையது, கட்டட வடிவமைப்பில் அதற்கான மண்டலக் காரணி 0.16. ‘மூன்று’ என்ற எண்ணுக்கு ரிக்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

உழைப்புடலியல்

இதயத்துடிப்பை அப்படியே வேலைப்பளு என்று போடக்கூடாது. ஒரே 135 துடிப்பு இரண்டு பேருக்கு இரண்டு பொருள். 25 வயது, ஓய்வுத் துடிப்பு 60 உள்ளவரை எடுங்கள். 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் உச்சத் துடிப்பு சுமார் 190. ஓய்வுக்கும் உச்சத்துக்கும் நடுவே 130 இருக்கிறது, அவர் பயன்படுத்துவது 75, அதாவது சுமார் 58 சதவீதம். 55 வயது, ஓய்வுத் துடிப்பு 72 உள்ளவருக்கு உச்சம் சுமார் 170, இடைவெளி 98, பயன்படுத்துவது 63, அதாவது சுமார் 64 சதவீதம். வழக்கமான பிரிவில் 40 முதல் 59 வரை மிதமான பளு, 60க்கு மேல் கடும் பளு. ஒரே மூட்டை, ஒரே துடிப்பு, பெரியவருக்குக் கடும் பளு. வயதை வைத்து ஊகிக்கும் உச்சம் தனிமனிதருக்கு 10 துடிப்பு மேலேயோ கீழேயோ விலகலாம் என்பதால் எல்லைக்கோட்டில் இருப்பவர்களை வகை பிரிக்கும்போது கவனம் தேவை. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் (இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து) சாப்பிடுபவர்களைக் கேட்டுத் தெரிந்து தனியாகக் குறியுங்கள், அவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

மணிக்கட்டு வாட்ச் வேண்டாம். மூட்டையை இறுக்கிப் பிடிக்கும்போது கையின் ரத்த ஓட்டம் மாறுகிறது, பச்சை ஒளியில் அளக்கும் சென்சார் அப்போதுதான் தவறவிடும். நெஞ்சுப் பட்டை போடுங்கள், மின்முனையைத் தண்ணீரால் நனைத்துவிட்டு. ஓய்வுத் துடிப்பை வேலைக்கு முன் உட்காரவைத்து ஐந்து நிமிடம் கழித்து எடுங்கள். டீயும் பீடியும் முடித்த கையோடு எடுத்த ‘ஓய்வு’ ஓய்வல்ல.

சென்னையில் விடாமல் வரும் தொல்லை வெப்பமும் புழுக்கமும். அதே மூட்டை, அதே நடை என்றாலும் நள்ளிரவுக்குப் பிறகு துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போகும். தோலுக்கு ரத்தம் அனுப்பவும் வியர்வையில் போன நீரை ஈடுகட்டவும் இதயம் கூடுதலாக ஓடுகிறது. அதை வேலைப்பளு கூடியதாக எழுதினால் தப்பு. பக்கத்திலேயே ஈரக்குமிழ்-கோள வெப்பக் குறியீட்டை (வெப்பமும் புழுக்கமும் சேர்ந்து உடலை எவ்வளவு வாட்டும் என்பதன் அளவு) பதியுங்கள். வெயில் இல்லாத இரவுக்கு இயற்கை ஈரக்குமிழ் வெப்பநிலையின் 0.7 மடங்கும் கறுப்புக் கோளத்தின் 0.3 மடங்கும் கூட்டினால் போதும். அதோடு எத்தனை மூட்டை, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ, எத்தனை மீட்டர் என்று வேலையை நேரடியாக எண்ணி வையுங்கள். வேலை எவ்வளவு என்பது ஒன்று, அது இந்த உடம்புக்கு எவ்வளவு என்பது இன்னொன்று. ஆய்வின் கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்து ஒன்றை முதன்மையாக்குங்கள்.

வலிக்கு: ‘இப்போது’, ‘இந்த இரவின் மிக மோசமான கணம்’ இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே கேள்வியாகக் கேட்டால் சிலர் இதையும் சிலர் அதையும் சொல்வார்கள். வலி எவ்வளவு என்பதும், அது வேலைக்கு எவ்வளவு இடைஞ்சல் என்பதும் வேறு கேள்விகள். முதுகில் 6 என்று சொல்லிவிட்டுத் தூக்கப் போகிறவர் பலர். 0 என்றால் ‘வலியே இல்லை’, 10 என்றால் ‘நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி’ என்று இரு முனையையும் ஒவ்வொருமுறையும் அதே சொற்களில் சொல்லுங்கள். 10 செ.மீ. கோட்டில் குறிவைக்கச் சொல்லும் முறைக்கு மாறுவதாக இருந்தால் ஜெராக்ஸ் எடுத்த ஒவ்வொரு கட்டையும் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். ஜெராக்ஸில் ஒரு சதவீதம் இரண்டு சதவீதம் சுருங்குவதோ நீள்வதோ சாதாரணம், 100 மி.மீ. கோடு 98 ஆகிவிட்டால் எல்லா அளவும் நகர்ந்துவிடும். இருவேறு நாளின் வலியை ஒப்பிடும்போது 2 புள்ளியாவது, அல்லது 30 சதவீதமாவது குறைந்தால்தான் நோயாளிக்கே வித்தியாசம் தெரிகிறது என்பது நாள்பட்ட வலி ஆய்வுகளில் நிலைபெற்ற அளவுகோல்.

புள்ளியியல்_அடையாறு

கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 0–1க்குச் சுருக்குவது அலகைத்தான் நீக்குகிறது. டெசிபலின் லாக் தன்மையும் வலியின் படித்தன்மையும் மழையின் பூஜ்யக் குவியலும் அப்படியே உள்ளே இருக்கின்றன. போதாக்குறைக்கு எடையும் ஒளிந்துகொள்கிறது. ஐந்துக்கும் சம எடை கொடுத்ததாக நினைக்கிறீர்கள். உண்மையில் உங்கள் டேட்டாவில் எது அகலமாகப் பரவியிருக்கிறதோ அது குறியீட்டை ஆட்டிவைக்கும், மழை பெய்யாத மாதத்தில் மழைக்கு எடையே இருக்காது.

இவற்றைவிடப் பெரிய பிழை வலியை உள்ளே வைத்தது. சத்தம், வெளிச்சம், மழை, பளு நான்கும் தொழிலாளியின்மேல் வந்து விழுபவை. வலி அதன் விளைவு. விளைவையும் காரணத்தையும் ஒரே சராசரியில் போட்டுவிட்டு, பிறகு ‘தீவிரம் கூடினால் வலி கூடுகிறது’ என்று காட்டினால் வலி வலியோடு ஒத்துப்போவதைத்தான் காட்டுகிறீர்கள். வலியை வெளியே எடுங்கள். படிநிலை விளைவுக்கான லாஜிஸ்டிக் மாதிரி (படிகளின் வரிசையை மட்டும் எடுத்து, இடைவெளிகள் சமம் என்று கொள்ளாத கணக்கு) போடுங்கள், தொழிலாளியையும் இரவையும் ரேண்டம் எஃபெக்டாக வைத்து (ஆளுக்கு ஆள், இரவுக்கு இரவு உள்ள வேறுபாட்டைக் கணக்கில் சேர்க்க). முன்கணிப்பு மாறிகளாக 15 நிமிட எல்-ஈக்யூ, லக்ஸின் லாக், ஓய்வுக்கும் உச்சத்துக்கும் நடுவே உள்ள துடிப்பில் பயன்படுத்திய சதவீதம், வெப்பக் குறியீடு, மழைக்கு ‘பெய்ததா’ என்ற ஆம்-இல்லையும் பெய்திருந்தால் எவ்வளவு என்பதும் ஆக இரண்டு. எந்தச் சூழல் வலியோடு எவ்வளவு இணைகிறது என்பதற்கு டேட்டாவே பதில் சொல்லும், எடையை நீங்கள் ஊகிக்க வேண்டாம். 11 படியில் சில படிகளில் ஆள் குறைவாக இருந்தால் பக்கத்துப் படிகளை இணைக்கலாம், எந்த விதியில் இணைத்தீர்கள் என்பதை எழுதிவிட்டு.

ஒற்றை எண் கட்டாயம் வேண்டும் என்றால், எல்லைகளை உங்கள் சாம்பிளிலிருந்து எடுக்காமல் வெளியிலிருந்து நிர்ணயியுங்கள். மனித வளர்ச்சிக் குறியீட்டில் ஆயுட்காலத்துக்கு 20, 85 என்று எல்லை முன்னரே வைக்கப்பட்டிருக்கிறது. 2010 முதல் மூன்று பரிமாணங்களையும் பெருக்குச் சராசரியில் (மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுத்து) சேர்க்கிறார்கள், ஒன்று மிகக் குறைந்தால் இன்னொன்று முழுக்க ஈடுகட்டிவிடக்கூடாது என்பதற்காக. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் குறியீட்டையே கைவிடுவேன். எந்த இரவில் எந்த எல்லை தாண்டியது என்ற ஒரு அட்டவணை தொழிலாளர் நலத்துறை அதிகாரி ஒருவருக்குக் குறியீட்டைவிட உபயோகம்.

இரவுச்சந்தை

எல்லோருக்கும் நன்றி. வலியை வெளியே எடுக்கிறேன், அதுதான் குழுவின் கேள்வியின் வேர் என்று இப்போது புரிகிறது. இன்னும் ஒரு சந்தேகம். பொருளாதாரத்தில் இருக்கும் உடன் ஆய்வாளர் இதே சந்தையில் ‘மின்சார இன்டென்சிட்டி’ எடுக்கிறார்: ஒரு டன் சரக்குக்கு எத்தனை யூனிட். கடைவாரியாகக் கணக்கிட்டு எல்லாக் கடைக்கும் சராசரி போடுகிறார். இதில் லாக் இல்லை, படிநிலை இல்லை. இது சரிதானே?

எரிசக்திக்கணக்கு

அங்கேயும் சராசரியில்தான் ஓட்டை. 100 யூனிட் எரித்து 10 டன் விற்கும் கடைக்கு இன்டென்சிட்டி 10. 100 யூனிட் எரித்து 1 டன் விற்கும் பூக்கடைக்கு 100. இரண்டின் சராசரி 55. ஆனால் சந்தை மொத்தத்தில் 200 யூனிட்டுக்கு 11 டன், அதாவது 18. விகிதங்களின் சராசரியும் மொத்தங்களின் விகிதமும் வேறு. சந்தையைப் பற்றிப் பேச இரண்டாவது, ஒரு சாதாரணக் கடை எப்படி இருக்கிறது என்று பேச முதலாவது (அல்லது நடு மதிப்பு). எதைப் போட்டாலும் எது என்று எழுத வேண்டும்.

வருடா வருடம் ஒப்பிட்டால் இன்னொரு பொறி. காய்கறிக் கடை குறைந்து குளிர்பதன அறை வைத்த பழக்கடை கூடினால், எந்தக் கடையும் மாறாமலேயே மொத்த இன்டென்சிட்டி ஏறும். கடைக் கலவை மாறியதன் பங்கையும் கடைகளுக்குள் நடந்த மாற்றத்தின் பங்கையும் பிரித்துக் காட்டாமல் ‘திறன் குறைந்தது’ என்று எழுதக்கூடாது. இன்டென்சிட்டி இறங்கினால் மொத்தம் இறங்கியதாகவும் எழுதக்கூடாது. 2030க்குள் உள்நாட்டு உற்பத்தியின் உமிழ்வுத் தீவிரத்தை 2005ஐவிட 45 சதவீதம் குறைப்பதாக இந்தியா 2022இல் அறிவித்தது. அது ஒரு ரூபாய் உற்பத்திக்கான உமிழ்வு. பொருளாதாரம் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று பத்து வருடம் வளர்ந்தால் 1.79 மடங்கு ஆகும். அதே பத்து வருடத்தில் தீவிரம் 30 சதவீதம் இறங்கினாலும் மொத்த உமிழ்வு 1.25 மடங்காக ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்தே உண்மை.

புள்ளியியல்_அடையாறு

கடைசியாக ஒரு வேலை, மாதிரி போடுவதற்கு முன்னாலேயே. ஐந்து கருவியும் ஐந்து கடிகாரம். ஒவ்வொரு இரவும் தொடங்கும் முன் எல்லா லாகரின் நேரத்தையும் ஒரே கைபேசியோடு ஒப்பிட்டு, எத்தனை நொடி விலகல் என்று நோட்டில் எழுதுங்கள். மலிவான மழை லாகர் சில வாரத்தில் நிமிடக் கணக்கில் பின்தங்கிவிடும். நெஞ்சுப் பட்டைச் செயலிகள் சில, கோப்பை உலகப் பொது நேரத்தில் ஏற்றுமதி செய்யும். அதைக் கவனிக்காமல் இணைத்தால் அதிகாலை 4 மணித் துடிப்பு முந்தின இரவு 10.30 மணிச் சத்தத்தோடு போய் உட்காரும், ஷீட்டில் எந்தப் பிழையும் காட்டாது. எந்தக் கோப்பில் எந்த நேரம் என்று பார்த்து, தேவைப்பட்டதற்கு 5.30 மணி நேரம் கூட்டி, அதன்பிறகு எல்லாவற்றையும் 15 நிமிடச் சாளரத்தில் இணையுங்கள். தொழிலாளி ஒருமுறை நின்று மூச்சு வாங்கிய நிமிடத்தை நீங்களே குறித்து வைத்திருந்தால், துடிப்பு அந்த இடத்தில் இறங்குகிறதா என்று பார்த்தே இணைப்பு சரியா என்று உறுதி செய்துவிடலாம்.